சைகையில் சொன்னது

மூன்று வாரமாக டாக்டர் இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். மேசைமேல் வைத்திருந்த சின்னக் கருவி அவளும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, குறிப்பைத் தானே எழுதிவிடும். அவள் கையெழுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். முதல் வாரம் வரி விடாமல் படித்தாள். அப்புறம் மேலோட்டமாக. அப்புறம் அதுவும் இல்லை.

அன்று மதியம் டீயை உறிஞ்சும்போது திரையில் வார்டிலிருந்து ஒரு தகவல் வந்தது: 'தங்கள் குறிப்பைப் பார்த்து வார்டு மருத்துவர் சொன்னபடி பென்சிலின் தொடங்கப்பட்டது.'

காலையில் அவள் வார்டில் சேர்த்த வெல்டர். தொண்டையில் சீழ் கட்டி, வாய் திறக்க முடியாதவர். "ஏதாவது மருந்து ஒத்துக்காதா? பென்சிலின்?" என்று கேட்டதும் வேகமாகத் தலையாட்டி, மூச்சடைக்கும் என்று கழுத்தைப் பிடித்துக் காட்டினார். "சரி" என்றாள். கருவியின் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

குறிப்பைத் திறந்தாள். 'மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை.' கீழே அவள் கையெழுத்து.

வார்டுக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. படிகளில் ஓடினாள். இரண்டாவது மாடியில் கால் பின்னி, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்தாள்.

வெல்டர் நர்ஸின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய ஆளு, ஊசிக்குப் போய் பயப்படறீங்களே!" என்று நர்ஸ் சிரித்தாள். கையில் மாட்டிய குழாய் வழியே மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க சிஸ்டர்!"

குழாயை அவளே மூடினாள். அதற்குள் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது. ஒவ்வாமையை முறிக்கத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் அடங்கப் பத்து நிமிடமாயிற்று.

அப்போதுதான் வந்த அவருடைய அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னாள்: "தப்பு என்னோடதுங்க. மெஷின் எழுதினதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அவன் உங்ககிட்ட சொல்லலையா?"

"சைகையில சொன்னாரு. நான் பார்த்தேன்."

"பார்த்தீங்க... அப்புறம்?"



மருத்துவமனைத் தலைவருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தாள். படிக்காமல் கையெழுத்திட்ட குறிப்புகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. முதலாவதைத் திறந்தாள். முழங்கால் வலி, அறுபது வயதுப் பெண். 'வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.' எவ்வளவு யோசித்தும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. குறிப்பிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, டாக்டர் பேசறேன். அன்னைக்கு நீங்க என்கிட்ட என்னென்ன சொன்னீங்க?"