கழிவறைக்கு மேலிருந்த கண்ணாடி

ஃபெரிதூன் கேப்டன் ஒரு பொருள் வாங்கப் போனால் பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் இருக்கும். ஆயுள் முழுக்க அடுத்தவன் படகை ஓட்டியவர், தலை நரைத்த பிறகு துருக்கியின் போஸ்புருன் கடற்கரைப் பட்டறையில் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு கட்டிக்கொண்டிருந்தார். மரவேலை முடிந்து, பாயும் வந்துவிட்டது. அறைகளுக்கு மேலே காற்றும் வெளிச்சமும் வர மேல்தளத்தில் வைக்கிற கண்ணாடி மூடிகளும் பக்கவாட்டு வட்டச் சன்னல்களும்தான் பாக்கி. பட்டறை மேஸ்திரி ஹிக்மெத்தையும் இழுத்துக்கொண்டு பக்கத்து ஊரான மர்மரிஸில் இருந்த சுஹெய்லாவின் கடைக்குப் போனார்.

கணவன் போன பிறகு அந்தக் கடையைத் தனியாளாக நடத்துகிறவள் சுஹெய்லா. அந்த வளைகுடாவில் யார் படகு கட்டினாலும் சாமான் வாங்க அவளிடம்தான் போவார்கள்.

"மூடி முன்பக்கம் பாத்துத் திறக்கணும்," என்றார் கேப்டன். "நங்கூரம் போட்டுக் கெடக்கறப்ப காத்து நேரா கட்டிலுக்கு வரணும்."

"காத்து வரும் அண்ணே, கூடவே கடலும் வரும். கீலை முன்பக்கம் வைங்க. அலை அடிச்சா மூடி தானா சாத்திக்கும். நீங்க சொல்ற மாதிரி வெச்சா அலை உள்ள வந்து விருந்தாளி பக்கத்துல படுத்துக்கும்."

ஹிக்மெத் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. கேப்டனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. சரி, சன்னலாவது பெரிதாக இருக்கட்டும் என்றார்.

"தண்ணிக்கு அவ்வளவு பக்கத்துல சாப்பாட்டுத் தட்டு சைசுல சன்னல் எதுக்கு? மீன் எட்டிப் பாக்கவா?"

கடைசியில் அவள் சொன்னதைத்தான் வாங்கினார். சன்னல்களுக்குச் சின்னதாக, தடித்த நிஜக் கண்ணாடி. மூடிகளுக்குக் கண்ணாடி மாதிரியே தெரிகிற, உடையாத அக்ரிலிக் பிளாஸ்டிக், படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம். கிளம்பும்போது அவள், "துடைக்கறப்ப மட்டும் ஒண்ணு கவனம்..." என்று ஆரம்பித்தாள்.

"கடல்லயே கெடந்தவனுக்குத் துடைக்கவும் சொல்லித் தரணுமா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீடு வரைக்கும் ஹிக்மெத்தின் சிரிப்பையும் சுமந்துகொண்டு போனார்.

மூடிகளைப் பொருத்தியதும் பட்டறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படகில் ஏறுகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளங்கையில் சாராயத்தில் செய்த எலுமிச்சை வாசனைத் தண்ணீரான கொலோன்யாவை ஊற்றுவார் கேப்டன். கை மணக்காத விருந்தாளி விருந்தாளியே இல்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அதே புட்டியிலிருந்து ஒரு துணியில் ஊற்றி, பட்டறைத் தூசு படிந்த மூடிகளைப் பளபளவென்று துடைப்பார். வீட்டில் அவர் மனைவி பெரிஹான் மேஜையிலிருந்து தொலைபேசி வரை எல்லாவற்றையும் அப்படித்தான் துடைப்பாள். கழிவறைக்கு மேலிருந்த சின்ன மூடியை மட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் மூடிகளில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டது. வெயில் பட்டால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை பின்னியது போல மின்னியது. அதைப் பார்த்ததும் கேப்டனுக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கோபத்துக்கு முன்னால் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

நேரே காப்பிக் கடைக்குப் போனார். "வெயில்ல காஞ்ச பழைய சரக்கு. அதைப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டா. பேச்சுதான் பெரிய பேச்சு!"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க கேப்டன்," என்றார் ஹிக்மெத்.

"கேட்டா ஒத்துக்குவாளா?"

பெண்கள் வராத காப்பிக் கடை அது. அவள் பக்கத்தைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பட்டறையில் படகு கட்டிக்கொண்டிருந்த மற்ற கேப்டன்களும் அவளிடம் சொல்லியிருந்த சாமான்களை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பேச்சு மலையைத் தாண்டி அடுத்த துறைமுகத்துக்கும் போயிற்று. சுஹெய்லா தொலைபேசியில் கூப்பிட்டாள், கேப்டன் எடுக்கவில்லை. பிறகு புது மூடிகளையே அனுப்பிவைத்தாள், எதுவும் கேட்காமல். "குத்தம் இல்லாதவ எதுக்கு அனுப்பணும்?" என்று அதையும் காப்பிக் கடையில் சொல்லிச் சிரித்தார்.

புதியவற்றையும் அதே துணியால் அதே அக்கறையோடு துடைத்தார்.

படகைக் கடலில் இறக்குகிற வாரம், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கழிவறைக்குள் குனிந்தவர் தற்செயலாக மேலே பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லாமல் ஆகாயம் தெரிந்தது. இது முதல் தடவை வந்தது; மாற்றவே இல்லை. பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே வந்து சில வாரங்களே ஆன புது மூடியில் சிலந்தி வலை. படுக்கை அறையிலும் வலை. திரும்ப வந்து கழிவறைக் கண்ணாடியில் விரலை வைத்தார். தூசு அப்பிக்கொண்டது. ஒரு நாளும் கொலோன்யாத் துணி படாத தூசு.

"துடைக்கறப்ப மட்டும் ஒண்ணு கவனம்."

கேப்டன் அந்தக் கழிவறையிலேயே உட்கார்ந்துவிட்டார். காது மடல் வரை சுட்டது. ஒருத்தி சொல்ல வந்ததைக் கேட்காதது ஒரு தப்பு. அவளை ஊர் முழுக்கத் திருடியாக்கியது இன்னொரு தப்பு. அதைச் செய்யும்போது தனக்கு இனித்ததே, அதை நினைத்தபோதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் எட்டிப் பார்த்தது: இது யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்காகவும் வெட்கினார். ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பெரிஹானிடம்கூட வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மூடிகள் மேல் பாய்த்துணியை விரித்து மறைத்தார்.

படகை இறக்கும் நாளில் கிடா வெட்டி, ரத்தத்தை அதன் முகப்பில் தொட்டு வைத்தார்கள். ஊரே திரண்டிருந்தது. கேப்டன் வெள்ளைச் சட்டையில், கையில் கொலோன்யா புட்டியோடு, ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தால் சுஹெய்லா, கண்ணேறு படாமலிருக்க ஒரு நீலமணியைக் கொண்டுவந்து நின்றாள்.

"நல்லபடியா ஓடட்டும் அண்ணே," என்று கையை நீட்டினாள்.

புட்டியைச் சாய்க்க அவரால் முடியவில்லை. அவளிடம் சாமான் வேண்டாமென்று சொன்ன கேப்டன்கள் எல்லோரும் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "என்ன கேப்டன், ஊத்தறதுக்கே மனசு வரலையா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவரை உடைத்தது. கடகடவென்று ஏணியில் ஏறிப் பாய்த்துணியை உருவி எறிந்தார்.

"பாருங்கடா! நல்லாப் பாருங்க! பழைய சரக்கு இல்ல. இந்தப் புட்டியில இருக்கற சாராயத்தை வெச்சு நான் துடைச்ச லட்சணம் இது. அது பட்டுத்தான் வெடிச்சிருக்கு. இவ சொல்ல வந்தா, நான் கேக்கல. பழியை மட்டும் தூக்கி இவ மேல போட்டேன். பொய் சொன்னவன் நான்தான்!"

யாரும் சிரிக்கவில்லை. ஹிக்மெத் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஏணியில் இறங்கி வந்த கேப்டன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் கையைப் பார்த்தே பேசினார்.

"நாளைக்கே காப்பிக் கடையில சொல்றேன் தங்கச்சி. ஒவ்வொரு துறைமுகமாப் போய்ச் சொல்றேன். உன் கடைக்கு எல்லாரையும் நானே கூட்டிட்டு வர்றேன்."

"கடையைக் காலி பண்ணிட்டேன் அண்ணே," என்றாள் சுஹெய்லா. "சீசன் பூரா ஒருத்தரும் வரல. உங்களுக்கு அனுப்பினதுதான் கடைசி சரக்கு. இப்ப இஸ்மிர்ல ஒருத்தர் கடையில வேலைக்குப் போறேன், சாயங்கால பஸ்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கேப்டனால் தாங்கியிருக்க முடியும். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஊத்துங்க," என்றாள். "கைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் ஊற்றினார். பாதி மண்ணில் சிந்தியது.