ஹார்கரின் சனிக்கிழமை

செத்துப்போன தம்பிக்கு டை கட்டிக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். உயிரோடு இருந்தவரை லயனலுக்கு அந்த முடிச்சு மட்டும் கைவரவேயில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காதான் கட்டிவிட வேண்டும். அவன் நெளிவான், இவள் திட்டுவாள். இன்றைக்கு நெளியவில்லை. வேலை சட்டென்று முடிந்துவிட்டது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முந்தின நாள் காலைச் சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டான். இதயம் என்றார் டாக்டர்.

கவுண்டி கிரிக்கெட் கமிட்டியின் தலைவர் கர்னல் வின்டர், தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார்.

"நாளைக்கு ஆட்டம் கிடையாது மிஸ் ஹெஸ்டர். எங்க கேப்டன், உங்க தம்பி, வீட்டுல கிடக்கறப்போ நாங்க பந்து போடறதா? நிறுத்திட்டோம்."

"நாளைக்கு ஹார்கரோட ஆட்டமாச்சே?"

கர்னல் ஜன்னலைப் பார்த்தார்.

லயனல் காசு வாங்காமல் ஆடியவன். குடும்ப நிலம் அவனுக்குச் சோறு போட்டது, நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் ஹெஸ்டர். பத்திரிகைக்காரர்கள் அவனை மிஸ்டர் போட்டு எழுதுவார்கள். சம்பளத்துக்குப் பந்து வீசுகிற ஹார்கர் வெறும் ஹார்கர்தான். இத்தனை வருஷம் தோள் தேய உழைத்தவனுக்கு, கடைசியில் ஒரே ஒரு ஆட்டத்தை ஒதுக்குவார்கள். அதில் வசூலாகும் டிக்கெட் பணம் அவனுக்கு. அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச வாழ்நாளை ஓட்ட வேண்டும். கூட்டம் அள்ளும் ஆகஸ்ட் விடுமுறைச் சனிக்கிழமையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே லயனல்தான், கமிட்டியோடு சண்டை போட்டு.

"செப்டம்பர்ல ஒரு நாள் குடுத்துருவோம்," என்றார் கர்னல்.

"செப்டம்பர் மழையில யார் வருவா? நீங்களும் உங்க நாயுமா?"

"ஊர் என்ன பேசும்? தம்பியை இன்னும் அடக்கம்கூடப் பண்ணல, அதுக்குள்ள அக்கா ஆட்டம் நடத்தச் சொன்னாளான்னு..."

"நான் வந்து முன்வரிசையில உக்காந்துக்கறேன். அப்போ என்னைப் பத்தித்தான் பேசுவாங்க. பேசறதுக்காகவாவது டிக்கெட் வாங்கிட்டு உள்ள வருவாங்க."

"இது அழகில்ல."

"என் தம்பி பேட் பிடிச்சதுகூடத்தான் அழகில்ல கர்னல். இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்களே? காசு கேக்காத ஆள்னுதானே அவனைக் கேப்டனாக்கினீங்க?"

கர்னலின் மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "நல்லவன்," என்றார்.

"நல்லவன்தான். ஹார்கரை நடுத்தெருவுல விட்டுட்டு அவனைப் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

கர்னல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். சண்டைக்களம் பார்த்த மனுஷன். எங்கே பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்.

சனிக்கிழமை தலையிலிருந்து கால்வரை கறுப்பில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள் ஹெஸ்டர். அவள் கணக்குத் தப்பவில்லை. மைதானம் பிதுங்கியது. பெண்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். வைக்கட்டும், ஒவ்வொருத்தியும் டிக்கெட் வாங்கியவள்.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அத்தனை பேரும் எழுந்து ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்கள். பிறகு ஹார்கர் பந்தைக் கையில் எடுத்தான்.

ஹார்கர் பந்து வீசினால் லயனல் அவனுக்குப் பக்கத்து இடமான மிட்-ஆஃபில்தான் நிற்பான். ஒவ்வொரு பந்துக்கும் நடுவே இருவரும் ஏதாவது பேசிக்கொள்வார்கள். புதுக் கேப்டன் அந்த இடத்தை நோக்கி நடந்தார். ஹார்கர் தலையை ஆட்டி என்னவோ சொன்னான். அவர் விலகிப்போய் வேறு பக்கம் நின்றுகொண்டார். மிட்-ஆஃபில் யாரும் இல்லை.

இரண்டாவது பந்தையே பேட்ஸ்மேன் அந்தப் பக்கம் அடித்தான். வேறென்ன செய்வான்? வெறும் புல்லின்மேல் ஓடிவந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி அவள் காலடியில் வந்து நின்றது.

"அவன் நின்னிருந்தாலும் விட்டுத்தான் இருப்பான்," என்றாள் ஹெஸ்டர் உரக்க. வரிசையே சிரித்துவிட்டு, சிரித்தோமே என்று வாயை மூடிக்கொண்டது.

அவள் குனிந்து பந்தை எடுத்தாள். பந்தை வாங்க வேறு யாரையும் அனுப்பாமல் ஹார்கரே அத்தனை தூரம் நடந்து வந்தான். எதிரில் நின்று தொப்பியைக் கழற்றினான். கையை நீட்டவில்லை.

"அவசரமில்ல மிஸ்," என்றான்.

அம்பயர்கள் காத்திருந்தார்கள். பேட்ஸ்மேன் மட்டையை ஊன்றி நின்றான். ஹெஸ்டர் பந்தை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள்.