நட்டை இறுக்கினால் நிற்கும் சக்கரம்

எசென்கான் அன்றைக்கு மதியத்துக்குள் கணவாய்க்கு அந்தப்பக்கம் மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நின்றால் பெண்டாட்டி கனிஷை திரும்பி வருவாள். இல்லையென்றால் நரின் டவுனுக்குப் போகிற வேனில் ஏறி, அப்படியே மாஸ்கோவுக்கு ஓட்டல் வேலைக்குப் போய்விடுவாள். கனிஷை சொன்னால் சொன்னதுதான். குளிர்காலத்தில் அவன் அடித்த அடியில் அவள் தாய்வீடு போனவள். கேட்டால், "எந்த வீட்லதான் சண்டையில்ல?" என்பான். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

புத்தியுள்ளவன் முந்தின நாளே கிளம்பியிருப்பான். இவனோ முந்தின நாள் உட்கார்ந்து பைக்கின் முன்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றினான். குதிரைக்கு லாடம் அடிக்கிற கைக்கு இதென்ன பிரமாதம் என்கிற திமிர். சுத்தியலால் தட்டிப் பழசை எடுத்தான், புதுசை அடித்து இறக்கினான். காலையில் பார்த்தால், ஆக்சில் நட்டை இறுக்கினால் சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது. தளர்த்தினால் ஜோராகச் சுற்றுகிறது. முன்சக்கரத்தைப் பாதி தூக்கியும் பாதி தள்ளியும் வண்டியைச் சாலையோரப் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஊரில் அது ஒன்றுதான் பட்டறை. நடத்துகிறவன் துர்துகுல், கனிஷையின் தம்பி.

"வாங்க மச்சான்! வண்டி உங்களச் சுமக்கும்னு பாத்தா, நீங்க வண்டியச் சுமந்துட்டு வர்றீங்க!"

அங்கே குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலைக் குடித்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். எசென்கானும் சிரித்தான். சிரித்தே ஆக வேண்டும். அக்கா புருஷனை மச்சினன் என்ன கிண்டல் செய்தாலும் அந்த ஊர் வழக்கப்படி கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊரே காறித் துப்பும்.

"சீக்கிரம் பாரு மாப்ள. மத்தியானத்துக்குள்ள போகணும். உனக்குத்தான் தெரியுமே."

"தெரியாமலா? உக்காருங்க. அஞ்சே நிமிஷம்."

துர்துகுல் நட்டை இறுக்கிச் சக்கரத்தைத் தட்டினான். தளர்த்தித் தட்டினான். ஒரு நொடி எசென்கானை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த கிண்டல் வருகிறது என்றுதான் எசென்கான் நினைத்தான்.

"பிரேக்தான் பிடிக்குது" என்று சொல்லி பிரேக்கை மொத்தமாகக் கழற்றித் துடைத்து மாட்டினான். நட்டை இறுக்கினால் சக்கரம் நின்றது. "அப்போ ஸ்பீடு மீட்டர் பல்சக்கரம்" என்றான். அதையும் கழற்றினான், நின்றது. ஆக்சிலைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டி, கோணல் இருக்கிறதா என்று சாவகாசமாகப் பார்த்தான். மதியமும் தாண்டிவிட்டது. எசென்கான் கனிஷைக்குப் போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை.

"நட்டை லூசாவே விட்டுடு மாப்ள. மெதுவா ஓட்டிட்டுப் போறேன்."

"சக்கரம் தனியாப் போகும், நீங்க தனியாப் போவீங்க. அக்காவ விதவையாக்கச் சொல்றீங்களா?"

மேய்ப்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் எசென்கான் கையில் ஒரு கிண்ணம் குமிஸைத் திணித்தான்.

"இல்ல மச்சான், நெஜமாவே சொல்றேன்" என்றான் துர்துகுல். "உங்க கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா ஒரு கழுதையும் சேத்துக் குடுத்திருக்கணும். அதுன்னா உங்களுக்குப் பேரிங்கே மாத்த வேண்டியதில்ல. பேச்சுத் துணையும் ஆச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். எசென்கானும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பல் தெரியச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. கணவாய் தாண்டி வந்த நரின் வேன் பட்டறைக்கு நேராக நின்றது.

ஜன்னலோரம் கனிஷை. மதியம்வரை வாசலில் காத்திருந்துவிட்டு ஏறியவள். அவனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், அவன் சிரிப்பைப் பார்த்தாள். முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கனிஷை! அடியே, வண்டி கெட்டுப்போச்சுடி!"

கிண்ணத்தை வீசிவிட்டு ஓடினான். ஆடுகள் விலகிவிட்டன. வேன் கிளம்பிவிட்டது. மூச்சு இருக்கிற மட்டும் துரத்திவிட்டு இரைக்க இரைக்கத் திரும்பி வந்தான். அதற்குள் துர்துகுல் ஒரு பேரிங்கைத் தட்டி எடுத்து, விரல் நீளத்துக்கு ஒரு குழாயை உள்ளே வைத்து, சக்கரத்தைப் பூட்டி முடித்திருந்தான். நட்டை நன்றாக இறுக்கிவிட்டுத் தட்டினான். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இந்தக் குழாய் இருக்கணும் மச்சான். நீங்க போடல. அதான் இறுக்கினா ரெண்டும் நெருங்கிச் சிக்கிக்குது. முதல் தட்டுலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமாடா..." என்றான் எசென்கான். "நான் போயிருந்தா அவ வந்திருப்பாடா."

"வந்திருப்பா" என்றான் துர்துகுல், கையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க ஒரு வார்த்தை அழுது பேசினா வந்திருப்பா. அவ மனசு அவ்ளோதான். வந்து மறுபடி அடி வாங்குவா. அதனாலதான் உங்களப் போக விடல."

எசென்கான் பைக் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். மேய்ப்பர்கள் அதற்கும் சிரித்தார்கள். மச்சானும் மச்சினனும் என்னமாய் நடிக்கிறார்கள் என்று.