அக்கா வெட்டிய இரண்டு மதிப்பெண்

1

இது நான் கற்பனை செய்த கதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இத எழுதிக்கிழுதி வைக்காத" என்றாள். அக்கா அப்படிச் சொன்னால் எழுது என்று அர்த்தம். நாற்பது வருடமாக அவளுக்குத் தங்கையாக இருக்கிறேன், இதுகூடத் தெரியாதா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கணினி அறையில் பதினான்கு ஆசிரியர்கள், பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தபடி"

வேண்டாம். ஆசிரியர்களைக் கேலி செய்வது சுலபம்.

அடுத்தது: "அறிவு என்பது"

இப்படி ஆரம்பித்த எதையும் நான் இதுவரை முடித்ததில்லை. நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

அக்கா உயிரியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் திருத்திக் கொடுத்த விடைத்தாளில் பிள்ளைகள் எழுதியதைவிட அவள் எழுதியது அதிகமாக இருக்கும். (பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் "சிவப்பு மை". அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நம்புகிறார்கள். அவளும் தெரியாதது போலவே நடமாடுகிறாள்.)

அவள் பள்ளியின் நூலகர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் பள்ளி விட்டதும் ஆசிரியர்களைக் கணினி அறைக்கு வரச் சொல்லியிருந்தார். எல்லோரும் எதற்கெடுத்தாலும் ஓடுகிற அந்த ஒரே தேடுபொறியை விட்டால் வேறு என்னென்ன இருக்கின்றன என்று காட்டத்தான். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் துழாவுகிற தளம், பல நூலகங்களின் பட்டியலை ஒரே வீச்சில் பார்க்கிற தளம், நாம் தேடியதை நினைவில் வைத்துக்கொள்ளாத தேடுபொறி.

"எந்தக் கடையில வாங்கினாலும் உப்பு உப்புதானே சார்?" என்றார் கணக்கு ஆசிரியர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட கவலை அவருக்கு.

நூலகர் வாதாடவில்லை. "உங்களுக்குச் சந்தேகமே இல்லாத ஒண்ண எடுத்துக்குங்க. அத ரெண்டு இடத்துல தேடிப் பாருங்க. அப்புறம் கிளம்பலாம்."

அக்கா, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன விசைப்பலகையில் தட்டுத்தடுமாறி அடித்தாள்: சூரியகாந்திப் பூ சூரியனைப் பார்த்துத் திரும்புமா?

வழக்கமான இடத்தில் முதல் பக்கத்தில் பத்து விடை. பத்தும் திரும்பும் என்றன. அதில் ஏழு ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறது. பிறகு ஆய்வுக் கட்டுரைத் தளத்துக்குப் போனாள். அங்கே வேறு கதை. இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். பூ முற்றி விரிந்துவிட்டால் அநேகமாகக் கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும்.

அக்கா இரண்டாவது கட்டுரையைத் திறந்தாள். மூன்றாவதையும். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் எழவில்லை. நூலகர் அருகில் வந்தார்.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு பேப்பர மறுபடி திருத்தணும்."

"எந்த கிளாஸ்?"

"அவ படிச்சு முடிச்சுப் போயே பல வருஷம் ஆச்சு."

3

அந்த மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்பு. விடைத்தாளில் எழுதியிருந்தாள்: மொட்டாக இருக்கும்போது திரும்பும், பூத்த பிறகு திரும்பாது. அக்கா இரண்டு மதிப்பெண் வெட்டினாள். பெண் தாளோடு மேசைக்கு வந்தாள்.

"நான் பாத்தேன் மிஸ். பக்கத்து வீட்டுத் தோட்டத்துல. ஒரு வாரம் நின்னு பாத்தேன்."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் விடை. போய் உக்காரு."

[இந்த இடத்தில் என் முதல் வரைவில் அக்கா கத்தினாள். படித்துவிட்டு அவளே திருத்தினாள்: "நான் கத்தலடீ. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. அதான் மோசம்."]

அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் கை தூக்கவே இல்லை என்கிறாள் அக்கா. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. குற்ற உணர்ச்சி பழைய நினைவுகளுக்கு நகாசு வேலை செய்யும். அவளிடம் கேட்டேன். மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். நான் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

4

புதிதாகத் தெரிந்துகொண்ட அத்தனை தளங்களிலும் அக்கா மூன்று வாரம் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் பள்ளி அலுவலக உதவியாளரிடம் கேட்டாள். அவர் மணியடிக்கப் போகிற போக்கில் சொன்னார்: "அந்தப் பொண்ணா? பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, ரத்தம் டெஸ்ட் எடுக்குற இடத்துல இருக்கு."

சனிக்கிழமை காலை அக்கா அங்கே போனாள். எப்படி உள்ளே போவது என்று தெரியாமல் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முறை வந்ததும் நாற்காலியில் அமர்ந்து கையையும் நீட்டிவிட்டாள். பழைய மாணவி ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ்! சுகரா, கொலஸ்ட்ராலா?"

"ரெண்டும் இல்லம்மா. ரெண்டு மார்க்."

அக்கா பையிலிருந்து கட்டுரையின் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் பட்டையை அவிழ்த்துவிட்டு, தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"நெஜமாச் சொல்றேன் மிஸ், எனக்கு இது ஞாபகமே இல்ல."

மூன்று வாரத் தூக்கம் போனதற்கு இதுதான் பலனா என்று இருந்ததாம் அக்காவுக்கு.

"ஆனா வேற ஒண்ணு ஞாபகமிருக்கு" என்றாள் அவள். "மழையில கொசு எப்படி மிஸ் அடிபடாம பறக்குதுன்னு ஒருநாள் கேட்டேன். 'எனக்குத் தெரியல, பாத்துட்டு வந்து சொல்றேன்'னீங்க. டீச்சருக்கே தெரியாததக் கேட்டுட்டோம்னு ரெண்டு நாள் பெருமையாத் திரிஞ்சேன். நீங்க வந்து சொல்லவே இல்ல."

அக்காவுக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை.

பின்னாலிருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு நிமிஷம் ஐயா, இவங்க எங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அவள் கைப்பேசியை எடுத்தாள். அக்காவும் எடுத்தாள்.

"அங்க இல்லம்மா, இந்தத் தளத்துல தேடு. மொதப் பக்கத்தோட நிறுத்திடாத."

ஊசிகளுக்கும் பஞ்சுக்கும் நடுவில் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் பெரியவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னதான் போட்டிருக்கு?" என்றாராம்.

5

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் அந்தப் பெண் கண் கலங்குகிறாள். (பொய். அவளுக்கு அன்று நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.) இன்னொன்றில் கொசுவின் விடையை முழுசாக விளக்கியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, அந்தப் பத்தி முழுவதையும் எடுக்கச் சொன்னாள்.

"நீ எழுதினா பதினோராவது விடை ஆயிடும். தேடுறவங்க தேடட்டும்."

அவள் பேச்சை மீற எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே நீக்கிய பத்தியில் மிச்சம் இவ்வளவுதான்: மழைத்துளி கொசுவைவிடப் பல மடங்கு கனம். அது நேராக அதன்மேல் வந்து விழுகிறது. அந்த நொடியில் கொசு