கரிசலுக்கு ஒரு வண்டி

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் நடந்து வரும் என்று என் மனைவி சீனியம்மாள் சொல்வாள். இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த ஜீப்பை வாங்கப் போனதே ஒரு பழைய கோபத்தில்தான்.

எழுபத்தொன்பதில் என் தங்கை ஒச்சாயி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். டி. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே ஆறு மைல் அவள் ஊர். மூன்று மைலோடு தார் ரோடு முடிந்துவிடும், மிச்சம் கரிசல் பாதை. வெயில் காலத்தில் சிமெண்டுத் தரை தோற்கும். ஒரு மழை பெய்தால் போதும், கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. அன்றைக்குப் பார்த்து ராத்திரியெல்லாம் மழை. சீர்த்தட்டுகளோடு போன என் அம்பாசடர் கார் பாதி வழியில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

மாடு கொண்டுவந்து பூட்டி இழுத்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டிப் போயிருந்தது. எங்கள் பெரியப்பா மகன் சோணை மடியில் பையனை உட்கார வைத்துக் காது குத்திவிட்டார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று ஒச்சாயி புருசன் விருமாண்டி தணிவாகத்தான் சொன்னார். நான் கேட்டேனா? இறக்கி வைத்த தட்டுகளை மறுபடி டிக்கியில் ஏற்றிக்கொண்டு அதே சேற்றில் திரும்பி வந்துவிட்டேன். கொடுக்கப் போன சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்த அண்ணன் எங்கள் சனத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஒச்சாயி வாசலில் நின்று பார்த்தாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

நாலு வருடம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம், அவள் மூத்த மகள் பெரியவளானாள். முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் வர வேண்டும், வந்தது. சேதி கொண்டுவந்தவர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். அண்ணன் வந்தால் வரட்டும், வராவிட்டால் சோணையண்ணன் இருக்கிறது என்று ஒச்சாயி சொன்னாளாம். எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவையும் தவறினால் இனி எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருந்த பேயாண்டி, சர்க்கார் ஏலத்தில் ஒரு ஜீப் எடுத்துப் போட்டிருந்தான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஸ்பெஷல் கியரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். நாலு நாள் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் ஜீப்பு உங்களுக்கு, கார் எனக்கு என்றான். பிடிக்காமல் போக வழியே இல்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் திருநகர் வீட்டிலிருந்து டவுனில் இருக்கும் என் பம்புசெட் கடைக்கு அதில்தான் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். குழியில் விழுந்து எழுந்தால் பல் கிட்டியது. தொட்டியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்த என் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலில் நனைந்த கோழிகளாக இறங்கினார்கள். மாசி வீதியில் கொஞ்சம் நிறுத்தினால் போதும், வாடகைக்கு வருமா என்று எவனாவது வந்துவிடுவான். மூன்றாவது ஆள் நெல்பேட்டைக்கு எம்புட்டு என்று கேட்டபோது நான் திட்டிய திட்டு கடை வரைக்கும் கேட்டிருக்கும். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பீரோவை ஏற்றி வரலாமா என்று சிரித்துக்கொண்டே நின்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது.

சீனியம்மாள் அதில் ஏற முக்காலி போட வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வருசத்துல எத்தன நாளு சகதியில ஓட்டப் போறீக?"

"ஒரு நாள் ஓட்டுனாப் போதும்."

"ஒரு நாள் கூத்துக்கு மீசையச் செரச்ச கததான்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. உன் அண்ணனா சீரைத் திருப்பிக் கொண்டுவந்தான் என்று கேட்டுவிட்டேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கே தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

சடங்கன்று காலையில் தட்டுகளைத் தொட்டியில் அடுக்கி, தார்ப்பாயைக் கட்டிப் புறப்பட்டோம். தார் ரோடு முடிந்த இடத்தில் ஸ்பெஷல் கியரைப் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, வண்டி வண்டிதான். கார் புதைந்த இடத்தில் சேற்றை இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு உறுமிப் போனது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சீனியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருப்பசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் இறங்கினோம். விருமாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகளுக்கு நான்தான் மாலை போட்டேன். கூட்டத்தில் சோணை நின்றிருந்தான். அவன் முகத்திலும் சந்தோசம்தான் இருந்தது, அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பந்தி முடிந்து ஊர்ச்சனம் கலைந்த பிறகு ஒச்சாயி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு வருடத்தில் தலை நரைத்திருந்தது. நான் வண்டியைத் தட்டிப் பேச ஆரம்பித்தேன்.

"இனிப் பயமில்ல தாயி. எம்புட்டு மழ பேஞ்சாலும் வந்து நிப்பேன்."

அவள் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"மழையில வந்துட்டண்ணே. இந்த நாலு வருசமும் இங்க மழையா பேஞ்சுச்சு?"

அதில் குத்தலே இல்லை. நிசமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற பாதை. கல்லுப்பட்டி வழியாக வாரம் இரண்டு தடவை பம்புசெட் விற்கப் போகிறவன் நான். அவள் ஊருக்குப் பாதை பிரிகிற அந்த விலக்கு வரும்போதெல்லாம் காரை மிதித்து ஓட்டியிருக்கிறேன். அவள் வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசனைதான். முதலில் அவள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். இம்புட்டுத் தூரம் வந்தவனை இப்படிக் கேட்கலாமா என்று. அந்தக் கோபம் திருமங்கலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் ஜீப்பைப் பேயாண்டியிடம் விட்டேன். வண்டியில் என்ன குறை என்று கேட்டான். வண்டியில் ஒரு குறையும் இல்லை, சகதியில் தினமும் கிடக்கிறவனுக்குக் கொடு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் பாதை குழம்பிக் கிடந்தது. தார் ரோடு முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மூன்று மைலும் நடக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. அவ்வளவுதான். கார் புதைந்த இடத்துக்கு வந்தபோது எனக்குத் திக்கென்றது. காதுகுத்து அன்றைக்கு மாட்டுக்காகக் காருக்குள்ளேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் சீர்த்தட்டை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு போய் நிற்பதா என்று. இறங்கி நடந்திருந்தால் பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருப்பான்.

ஒச்சாயி வாசலில் ஈர விறகைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பிக்கொண்டு, கையில் செருப்பை மட்டும் பிடித்து வந்த என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள்.

"என்னண்ணே, என்னாச்சு? ஏதும் விசேசமா?"

"ஒண்ணுமில்ல தாயி. சும்மாதான் வந்தேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.