கோயில் வாசலில் களவுபோன செருப்பு

கிளறிற்றாவுக்குத் தீவின் பெயர் தெரியும், கோயிலின் பெயர் தெரியாது. அதுதான் இப்போது முழுத் தொல்லையும்.

ஞாயிறு பூசை முடிந்து, லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் சோறு சாப்பிட்ட கையோடு மகள் அனோஜினி லப்டொப்பைத் திறந்து வைத்தாள். அடுத்த மாதம் இருவரும் அந்தக் கிரேக்கத் தீவுக்குப் போகிறார்கள், ஐந்தே நாள். பட்டியல் போடாமல் பால் வாங்கக்கூடப் போகாத பிள்ளை அவள். பார்க்க வேண்டிய பழைய தேவாலயங்கள் பதினெட்டு, மியூசியங்கள் நாலு என்று எழுதி வைத்திருந்தாள்.

"இதுவா அம்மா? கோட்டைக்குள்ள இருக்கு. சரியான பழசாம்."

"இல்லைப் பிள்ளை, இது பெருசு."

"அப்ப இது? நீலக் கதவு."

"அங்க எல்லாக் கதவும் நீலந்தானே."

1989இல், லண்டனுக்குக் கூட்டிப்போகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் இரண்டே நாளில் வருவதாகச் சொல்லி, கிளறிற்றாவையும் கணவர் லெஸ்லியையும் அந்தத் தீவில் விட்டுவிட்டுப் போனான். பதினொரு நாள் ஆள் தலைகாட்டவில்லை. அவர்களுக்குக் கலியாணமாகி நாலு மாதம்தான். பத்தாம் நாள் ஒரு ஒழுங்கை வழியே ஏறி, சின்னக் கோயில் ஒன்றுக்குப் போனார்கள். சொந்த ஊர் பேசாலையில் செய்வது போலவே லெஸ்லி தன் பாட்டா றப்பர்ச் செருப்பை வாசலில் கழற்றி வைத்தார். கிளறிற்றா சந்தேகக்காரி. தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே லெஸ்லி முழங்காலில் நின்று, "மாதாவே, லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தால் ரெண்டு பேரும் திரும்பி வந்து மெழுகுதிரி கொளுத்துறம்" என்று நேர்த்தி வைத்தார்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம்.

வெறுங்காலோடு துறைமுகம் வரை தத்தித் தத்தி இறங்கிய அந்த மனிதரைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு! அந்தப் பயத்துக்குள்ளும் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வந்தது. லண்டனுக்கு வந்த பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் லெஸ்லிக்கு இதே கதைதான். "கோயில் வாசல்லயே களவெடுத்தாங்களப்பா, கள்ளர்!" என்று முப்பத்தைந்து வருடம் ஏசினார். திரும்பிப் போகத்தான் நேரம் வரவில்லை. ஒரு வருடம் ஷிப்ட், ஒரு வருடம் பிள்ளையின் பரீட்சை, ஒரு வருடம் முழங்கால் ஒப்பரேஷன். கோயிலின் பெயரை அவள் கேட்டு வைக்கவே இல்லை. வழிகாட்ட மனிதர் கூட வருவார்தானே என்று இருந்துவிட்டாள். போன தவக்காலத்தில் அவர் நேர்த்தியைச் செலுத்தாமலே கண்ணை மூடினார். அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏதாவது ஒரு கோயிலில கொளுத்துங்கோவன் அம்மா. மாதா ஒராள்தானே?"

"கடிதத்தைப் பக்கத்து வீட்டில போட்டால் போய்ச் சேருமோ?"

அனோஜினி பெருமூச்சு விட்டு மியூசியங்களுக்குத் தாவினாள். நாலாவது, ஒரு சின்னக் கோயிலோடு ஒட்டிய ஒற்றை அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் மக்கள் நேர்த்திக்குக் கொடுத்த வெள்ளிக் கண்கள், வெள்ளிக் கால்கள், குட்டிக் கப்பல்கள். கீழ்த்தட்டில் ஒரு சோடி பழைய றப்பர்ச் செருப்பு.

"பொறு. அதைப் பெருசாக்கு."

வலது வாரில் நீல நைலோன் நூல் சுற்றி, மூன்று முடிச்சு போட்டிருந்தது. வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தன் கை முடிச்சைத் தெரியாதா? அன்று கோயிலுக்கு ஏறுமுன் துறைமுகத்தில் ஒருவரிடம் நூல் கேட்டு வாங்கி, அறுந்த வாரை அவள்தான் கட்டினாள். "நான் உனக்குக் கட்டின மூண்டு முடிச்சை நீ என்ர செருப்பில திருப்பிக் கட்டிப்போட்டாய்" என்று லெஸ்லி அதற்கும் பகிடி விட்டார்.

அனோஜினி கீழே இருந்த கிரேக்க எழுத்தைத் தமிழில் மாற்றினாள். "பெயர் தெரியாத யாத்திரிகர் ஒருவரின் காணிக்கை, 1989. வெறுங்காலோடு திரும்பிப் போனார்."

செருப்போடு கோயிலுக்குள் போகிற ஊரில், வாசலில் கிடந்த செருப்பைக் காணிக்கை என்று நினைத்து யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கிளறிற்றா முதலில் சிரித்தாள். "கள்ளர் எண்டு எவ்வளவு ஏசினார் இந்த மனிசன்!" பிறகு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் மெயில் போடுறன் அம்மா. அப்பான்ர எண்டு சொல்லி வாங்குவம்."

"வேண்டாம். அவர் அங்க குடுத்திட்டார், அது அங்கயே கிடக்கட்டும். நான் மட்டுந்தான் இன்னும் குடுக்கேல்லை."

அனோஜினி பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். "அந்த ஒழுங்கை நல்ல ஏத்தமாக் கிடக்கு. உங்களுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்குவம்."

"சப்பாத்து வேண்டாம் பிள்ளை, ஒரு சோடி பாட்டா வாங்கு. இந்த முறை நான் அதைப் பைக்குள்ள வைக்கமாட்டன்."