ஆலந்தலை ஜிம்மியும் முத்துப்பொடி மையமும்

திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலந்தலையில் ஹில்டா வளர்க்கும் ஜிம்மி என்ற நாய், புற்றுநோய் உள்ளவர்கள் பக்கத்தில் வந்தால் தரையிலிருந்து மேலே எழும்பும். நோய் புதிது என்றால் முழங்கால் உயரம், முற்றியது என்றால் கூரைக்கு மேலே. அங்கேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும். ஆள் நகர்ந்ததும் இறங்கும். முதன்முதலில் அது ஏஞ்சலின் என்ற மீன் வியாபாரி முன்னால்தான் எழும்பியது. அவள் பயந்துபோய்த் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்பில் சிறிய கட்டி இருந்தது. அறுவை முடிந்து அடுத்த சீசனுக்குக் கூடையோடு திரும்பி வந்தபோது ஜிம்மி அவளை மோந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே கிடந்தது. அதன்பிறகு பெரியதாழையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறது, நாய் மாட்டிக்கொள்ளும் என்று தேவாலயப் பங்குச்சாமி சொன்னதால் மின்வாரியத்தார் வந்து கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார்கள்.

சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை நடத்திய விஜயராஜ் இதைக் கேள்விப்பட்ட வருஷமே டாக்டர் ஆனார். பட்டம் கொடுத்தது ஏதோ ஒரு தீவிலுள்ள பல்கலைக்கழகம். தோணியில் கொழும்பு, மாலத்தீவு என்று ஆயுசு முழுக்கச் சுற்றிய ஹில்டாவின் புருஷன் பர்னபாஸே அந்தத் தீவைக் கேள்விப்பட்டதில்லை. திருச்செந்தூருக்கு வெளியே விஜயராஜ் ‘ஒருங்கிணைந்த புற்றுநோய் ஆய்வு மையம்’ திறந்தார். முத்துச்சிப்பியைச் சுட்டு அரைத்த பொடி, பனங்கற்கண்டு, ஒரு யோகா வாத்தியார், ஏசி போட்ட வரவேற்பறை ஆகியவை அங்கே ஒருங்கிணைந்திருந்தன. கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் அதன் இரைச்சல் மனசுக்கு இதமாக இல்லை என்று, பெங்களூரில் பதிவு செய்த அலைச்சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

ஆராய்ச்சிக்கென்று வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட சிலர் வந்தார்கள். நோயாளிகளின் மூச்சைப் புட்டிகளில் பிடித்து ஜிம்மி முன்னால் வரிசையாக வைத்தார்கள். ஜிம்மி சரியான புட்டிகளுக்கெல்லாம் எழும்பியது. நாய் எழும்புவதைக் குறிக்க அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லாததால் ‘ஆர்வம் காட்டியது’ என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் மையத்தில் விழா வைத்து, முத்துப்பொடி நம்பிக்கை அளிப்பதாக முடிவு வெளியிட்டார்கள். நாய்க்கும் பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தக்க ஆட்கள் எல்லோரும் அன்று மேடையில் சால்வை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸுக்கும் ஒன்று கிடைத்தது. ஜிம்மியின் சங்கிலியைப் பிடித்தபடி அவர் சிரிக்கும் பேனர் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறியது. அன்றிலிருந்து அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மையத்தின் வரவேற்பறையில் போய் உட்கார ஆரம்பித்தார்.

குரல் கம்மத் தொடங்கிய வாரம், பர்னபாஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜிம்மி முழங்கால் உயரம் எழும்பியது. ஹில்டா அன்றைக்கே அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அனுசியா பரிசோதித்துவிட்டு, தொண்டையில் ஆரம்பக் கட்டம், அறுவையும் கதிர்வீச்சும் கொடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். யோகா, மூச்சுப் பயிற்சி, குமட்டலுக்கு இஞ்சி எல்லாம் செய்யலாமா என்று பர்னபாஸ் கேட்டார்.

“தாராளமா. அதெல்லாம் வைத்தியத்துக்குக் கூட வரட்டும். முன்னால போகக் கூடாது,” என்றார் அனுசியா.

பர்னபாஸ் தலையாட்டினார். மறுநாள் மையத்துக்குப் போனார்.

“கத்தி பட்டா பரவிரும் அண்ணாச்சி,” என்றார் விஜயராஜ். “அதுவுமில்லாம, நாய்க்குச் சொந்தக்காரரே ஆஸ்பத்திரிக்குப் போனா ஜனங்க என்ன நெனைப்பாங்க?”

தன் தொண்டையைவிட அந்தக் கேள்வி பர்னபாஸுக்குப் பெரிதாகப்பட்டது.

அவர் வீட்டில் இருக்கும்வரை ஜிம்மி இறங்கவே இல்லை. இடுப்பு உயரம் போனது, பிறகு தலைக்கு மேலே போனது. ஹில்டா ஏணி வைத்து ஏறி அதற்கு மீன்தலை கொடுத்தாள். விஷம் உடம்பைவிட்டு மேலே போகிறது, நாயும் அதோடு போகிறது என்று விஜயராஜ் விளக்கம் சொன்னார். படித்தவர்களும் அதைக் கேட்டுவிட்டுப் பொடி வாங்கிப்போனார்கள்.

“நம்ம வீட்டு நாய் நம்ம தலைக்கு மேல நிக்கு. இதுக்கு மேல ஒங்களுக்கு யாரு வந்து சொல்லணும்?” என்று ஹில்டா அழுதாள். அவர் பொடியைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார்.

ஜிம்மி ஓட்டுக் கூரையைத் தாண்டித் தென்னை மட்டை உயரத்துக்குப் போனபோது அவருக்குக் கஞ்சியே இறங்கவில்லை. ஹில்டா அவரை மறுபடி அனுசியாவிடம் கொண்டுபோனாள். டாக்டர் திட்டவில்லை; வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார். திரும்பி வந்ததும் பர்னபாஸ் ஹில்டாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். “ஏளா, நாய் பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். கத்தின்னா எனக்குப் பயம். விஜயராஜ் பயப்படாண்டாம்னு சொன்னாம்லா, அதான் அங்கன போனேன்.” ஹில்டா அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

மழை தூறிய ஒரு காலையில் அவர் இறந்தார். ஜிம்மி மெதுவாக இறங்கி வந்து கட்டிலுக்கு அடியில் படுத்தது. மாலையோடு வந்த விஜயராஜின் போட்டோக்காரர், தரையில் கிடக்கும் நாயைப் பல கோணத்தில் எடுத்தார். அடக்கம் முடிந்து பூ வாடுமுன் புதுப் பேனர் ஏறியது: ‘ஜிம்மி இறங்கியது! பர்னபாஸ் நோயிலிருந்து விடுதலை!’ அதில் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மையத்தின் அடுத்த ஆண்டுவிழாவுக்கு ஹில்டா ஜிம்மியோடு போனாள். விஜயராஜ் மைக் பிடித்து நாயைத் தடவக் குனிந்தார். ஜிம்மி முழங்கால் உயரம் எழும்பியது. கூட்டம் கை தட்டியது. அவர் தட்டவில்லை. மறுநாளே, மாநாடு என்று சொல்லிச் சென்னைக்குப் போனவர், கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டையோடு, பாதியாய் மெலிந்து, மாதங்கள் கழித்துத் திரும்பினார். ஜிம்மி அவர் முன்னால் தரையில் படுத்துக்கொண்டது. பொடியின் மகிமை என்று அவர் கூட்டம் போட்டுச் சொன்னார்.

“சென்னையில பொடிய எப்படிக் குடுத்தாவ அண்ணாச்சி, ஊசியிலயா?” என்று ஹில்டா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“எல்லாம் ஒருங்கிணைந்ததுதாம்மா,” என்றார் அவர். அதற்கும் கை தட்டினார்கள்.

இப்போது ஆலந்தலைக்குள் காலையில் ஒரு பஸ் வருகிறது. வந்தவர்கள் ஹில்டா வாசலில் ஒவ்வொருவராக நிற்கிறார்கள். யாருக்கு ஜிம்மி எழும்புகிறதோ அவர்களிடம் ஹில்டா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாள். மையம் வழியிலேயே இருப்பதால் பாதிப் பேர் அங்கே இறங்கிவிடுகிறார்கள். மற்றவர்களை பஸ் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிறது. பஸ் கண்ணுக்கு மறைந்ததும் ஜிம்மி இறங்கி, உடம்பை உதறிவிட்டு, கடற்கரைப் பக்கம் நண்டு விரட்டப் போய்விடுகிறது.